புல்லில் உட்கார்ந்த செல்லையா

சாந்தன்பாறையிலிருந்து செல்லையாவின் மகள் எழுதிய கார்டு செவ்வாய்க்கிழமை எருத்தேன்பதிக்கு வந்தது. "அப்பா ஞாயிற்றுக்கிழமை காலமாயிட்டாங்க. நெஞ்சுச் சளிதான். உங்களுக்கு எழுதச் சொல்லியிருந்தாங்க." வயலுக்குப் புறப்பட்டவன் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

பிற்பாடு தேசியப் பூங்காவான அந்தப் புல்மலையில் அவர் வனத்துறை வாச்சர். நான் ரேஞ்ச் ஆபீஸ் குமாஸ்தா. அவரோடு மலையேறியவர்களுக்கு அவர் நடை நினைவிருக்கும். திரும்பிப் பார்க்காமல் முன்னே போவார். நமக்கு மூச்சு வாங்கும் இடத்தில் சரியாக நின்றுவிடுவார்.

வரையாடுகளை எண்ணப் போன முதல் நாள், மூடுபனியில் எதிர்ப்பாறையில் தெரிந்ததையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தவர், "சார், அதுல ரெண்டு கல்லு" என்றார். பனி விலகியதும் பார்த்தால் மூன்று கற்கள். "ஒண்ண நானும் ஆடுன்னுதான் நெனைச்சேன்" என்று ஒப்புக்கொண்டார்.

இளவயதில் எஸ்டேட் துரைமார்களுக்கு வேட்டையில் வழிகாட்டியவர் அவர். அதை மறைத்ததில்லை. "அப்ப சுடுறதுக்குக் காட்டுனேன், இப்ப எண்ணுறதுக்குக் காட்டுறேன். ஆடு என்னமோ ரெண்டுக்கும் ஓடத்தான் செய்யுது" என்பார்.

அந்தத் தை மாதத்தைப் பற்றித்தான் நான் எழுதியாக வேண்டும். கோடையில் காட்டுத்தீ பரவாமலிருக்க, முன்கூட்டியே புல்லைப் பட்டையாக எரித்துவிடுவது வழக்கம். அதற்காக எங்கள் ரேஞ்ச் அதிகாரி ஆட்களோடு வந்திருந்தார். செல்லையா சரிவில் இறங்கி, இடுப்பளவுப் புல்லுக்குள் உட்கார்ந்துகொண்டார்.

"குட்டி கெடக்கு சார். பெறந்து ஒரு நாள்கூட ஆகல. தாய் மேல பாறையில நிக்குது, பாருங்க."

"எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுந்திரு" என்றார் அதிகாரி.

"ரெண்டு நாள் பொறுங்க சார். அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

தீ வைக்கவில்லை. அதிகாரி கோபத்தோடு ஜீப்பை நோக்கித் திரும்பி நடந்தார். அப்போது செல்லையாவுக்கு நாலடி தள்ளி இரண்டு குட்டிகள் தள்ளாடி எழுந்து நின்றன. நான் பார்த்தேன். அதிகாரியைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அறிக்கையை அதிகாரி சொல்லச் சொல்ல எழுதினேன்: மேலதிகாரியின் உத்தரவை மீறினார். அதோடு நிறுத்திக்கொண்டேன். செல்லையாவுக்கு வேலை போயிற்று.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இரண்டு வருடம் அடுப்புப் புகையில் கிடந்தார். பூங்காவான பிறகு வந்த புதிய அதிகாரி அவரைத் தேடிப்பிடித்துத் திரும்ப வேலையில் சேர்த்தார். ஆனால் ஏற்றத்தில் இப்போது முதலில் மூச்சு வாங்கியது அவருக்குத்தான்.

நான் வேலையை விட்டு ஊர் திரும்பும் முன், அவரிடம் சொன்னேன்: "அன்னிக்கு அந்தக் குட்டிகள நானும் பார்த்தனுங்க. எழுதாம உட்டுப்போட்டனுங்க."

"தெரியும் சார். நீங்க குட்டியப் பாக்குறதை நானும் பாத்தேன்" என்றார். "குட்டி பொழைச்சிருச்சுல்ல, விடுங்க."

அவர் விட்டுவிட்டார். என்னால் முடியவில்லை. அவருக்கு நான் ஒரு வாக்கியம் பாக்கி. அன்று ஆபீஸ் தாளில் எழுதியிருக்க வேண்டியதை, அவரை அறிந்த உங்கள் முன்னால் காலம் கடந்து எழுதுகிறேன்: வாச்சர் செல்லையா சொன்னது உண்மை. அந்தப் புல்லில் குட்டிகள் இருந்தன.