பதட்டம் சிஸ்டர்

லிஃப்ட் வரும்வரை அவரால் நிற்க முடியாது. பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்துவார். அது கீழே இறங்கி வருவதற்குள் இவர் பாதிப் படி ஏறியிருப்பார். மேலே போய்ச் சேர்ந்ததும், மூச்சு அடங்கும்வரை கதவோரம் நிற்பார். பிள்ளை பெற்ற வீட்டுக்குள் இரைக்க இரைக்கப் போகக் கூடாதாம். “நாமளே பதறிக்கிட்டுப் போனா, அந்தப் பொண்ணு யார்கிட்ட போய்ப் பதறும்?”

மகப்பேறு மருத்துவமனையில் வேலை. பிரசவமாகி வீடு திரும்பிய பெண்களைப் போய்ப் பார்ப்பதும், மனம் சோர்ந்திருப்பவர்களை மனநல மருத்துவரிடம் கொண்டுசேர்ப்பதும் அவர் பொறுப்பு. கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் ‘பதட்டம் சிஸ்டர்’. யாராவது போனை எடுக்காவிட்டால் சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அந்தப் பெண் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பாள். “தூங்குனா சந்தோஷம்தான். ஆனா தூங்குறான்னு எனக்குத் தெரியணும்ல?”

எந்த வீட்டிலும் முதலில் குழந்தையைத்தான் இவரிடம் நீட்டுவார்கள். “ராஜாவாட்டம் இருக்கான்” என்று வாய் கொஞ்சும். கண் தாயின் மேலேயே இருக்கும். “அழுறவங்களப் பார்த்தா பயமில்ல. நாம கேக்குறதுக்கு முன்னாடியே ‘நல்லா இருக்கேன் சிஸ்டர்’னு சிரிக்கிறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு பயம்.”

போன மாதம் ஒருநாள் காலையில் அப்படித்தான் ஆயிற்று. முதல் நாள் சிரித்த ஒருத்தி மறுநாள் போனை எடுக்கவில்லை. சிஸ்டரின் பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் நானும் கூடவே ஓடினேன். அந்தப் பெண்ணுக்கு இது தலைப்பிள்ளை. கணவன் லாரி ஓட்டுபவன்; வெளியூர் போயிருந்தான். கையில் குழந்தையோடு மாமியார் கதவைத் திறந்தார்.

“அவ குளிக்கிறா. சாயங்காலமா வாங்களேன்.”

“பரவாயில்லம்மா, இருக்கோம்.”

குளியலறையில் தண்ணீர்ச் சத்தமே இல்லை. சிஸ்டர் கதவில் வாயை வைத்தாற்போல மெதுவாகப் பேசினார்.

“கண்ணு, நான்தான். திறக்க வேணாம். இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்.”

மாமியார் என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரமோ, கடைசியில் தாழ்ப்பாள் நகர்ந்தது.

கதவைத் திறந்துவிட்டு அந்தப் பெண் மறுபடி தரையில் போய் உட்கார்ந்துகொண்டாள். தரையில் ஈரமில்லை, உடையிலும் இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியை மட்டும் கவிழ்த்து வைத்திருந்தாள். சிஸ்டரும் அவள் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“புள்ளைய தண்ணிக்குள்ள விட்டுடுவேனோன்னு தோணிக்கிட்டே இருக்கு சிஸ்டர். விடணும்னு இல்ல. விட்டுடுவேனோன்னு...”

“அந்த நெனப்பு வந்தா உனக்கு பயமா இருக்கா?”

“உயிரே போயிடுது.”

“உன்னையே ஏதாவது பண்ணிக்கலாம்னு தோணுதா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதை இப்படியா முகத்துக்கு நேரே கேட்பார்கள்? அவளோ அதிரவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள்போல, ஆமென்று தலையை ஆட்டினாள்.

“சரி. இப்பவே டாக்டர்கிட்ட போறோம். இது வியாதி கண்ணு, உன் கொணம் இல்ல.”

மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். “பைத்தியக்கார டாக்டர்கிட்டயா? நாலு பேருக்குத் தெரிஞ்சா என் மகன் வெளிய தலைகாட்ட முடியுமா?”

“அவளுக்குக் காய்ச்சல் நெருப்பா கொதிச்சா நாலு பேரைக் கேட்டுக்கிட்டா கூட்டிட்டுப் போவீங்க? நீங்களும் வாங்கம்மா. உங்கள விட்டா புள்ளைய யாரு பார்த்துக்குவா?”

கடைசிக் கேள்வி வேலை செய்தது. மாமியார் செருப்பைத் தேடினார்.

மருத்துவமனையில் எங்கள் முறை வருவதற்குள் அந்தப் பெண் எழுந்துவிட்டாள். “எனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போயிடலாம்.” சிஸ்டர் தடுக்கவில்லை, தோளில் கைபோட்டுக் கூடவே நடந்தார். வாசல்வரை போவதும், பேசிக்கொண்டே திரும்புவதுமாக, உள்ளே அழைக்கும்வரை அவளை அந்த வராந்தாவிலேயே வைத்திருந்தார்.

மருந்தும் பேச்சுமாக அவள் இப்போது தேறிவருகிறாள். போன வாரம் டாக்டரைப் பார்க்கத் தானாகவே போய்வந்தாளாம். ஆனால் அன்று அதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்? அவளை உள்ளே விட்டுக் கதவு மூடிய சற்று நேரத்தில் பெரிதாக அழுகைச் சத்தம் கேட்டது.

மாமியார் பதறி எழுந்தார். “அழுறாளே... நான் உள்ள போகட்டுமா?”

“அழட்டும்மா. இத்தன நாளா அழுறதுக்கு அவளுக்கு இடம் இல்ல.”

சிஸ்டரின் குரல் திடமாகத்தான் இருந்தது. அப்புறம், மாமியாரின் தோளில் கிடந்த, குழந்தை பால் கக்கியிருந்த துண்டை, என்ன ஏதென்று பாராமல் இழுத்து, தன் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.