பள்ளிக்கூடத்தை இடித்த ஞாயிற்றுக்கிழமை

காற்று எங்கள் பள்ளிக்கூடத்தின் கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வாசலில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டு எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட்ட மத்தியான நேரம். முதலில் கூரையின் ஒரு ஓரம் மட்டும் எழுந்தது. கொதிக்கிற சோற்றுப்பானையின் மூடிபோல எழுந்து, படிந்து, மறுபடி எழுந்தது. அதன்பின் அது படியவே இல்லை. தகரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று ரப்பர்ப் பால்மரங்களுக்கு மேலே பறந்து போயின. அம்மா கதவுக்குள்ளிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

மழை விட்டதும் தோட்டமே போய்ப் பார்த்தது. நான் வழக்கம்போல வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வகுப்புக்குள் நுழைந்தேன். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். தலைக்கு மேலே வானம். தினமும் உட்கார்ந்த இடத்தில் நின்றுகொண்டு அண்ணாந்து மேகத்தைப் பார்த்தபோது, ஏதோ பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டதுபோல உடம்பு கூசியது.

ஆனால் சுவர் நின்றது. இடுப்பளவுக்குச் செங்கல், அதற்கு மேல் பலகை, நான்கு பக்கமும் முழுதாக. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பின்னாளில் என் தம்பி உட்படப் பலர், புயலில் பள்ளிக்கூடமே விழுந்துவிட்டது என்றுதான் சொல்லி வந்தார்கள். போன மாதம் லோபாக்கில் ஒரு கல்யாண விருந்தில்கூட எங்கள் தோட்டத்துக்காரர் ஒருவர் என் எதிரே உட்கார்ந்து அப்படித்தான் சொன்னார். விழவில்லை. கூரை மட்டும்தான் போனது.

எங்கள் தோட்டம் கெமாஸுக்குப் போகும் சாலையிலிருந்து செம்மண் பாதையில் வெகுதூரம் உள்ளே இருந்தது. கூரை போன மறுவாரமே எங்களைப் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். காலையில் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள், மத்தியானம் நாங்கள். தோட்டத்து லாரியில் நின்றுகொண்டே போவோம், இருட்டுகிற நேரத்தில் நின்றுகொண்டே திரும்புவோம். நாங்கள் இறங்கும்போதெல்லாம் அந்தப் பள்ளிப் பிள்ளைகள், “கூரையில்லா பள்ளிக்கூடம் வந்துருச்சுடா” என்று கத்துவார்கள். எங்களுக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. லாரி இருந்ததே.

அம்மாவுக்குத்தான் உறைத்தது. தம்பி வரும் புது வருஷத்தில் முதல் வகுப்பில் சேர வேண்டியவன். லாரியின் பக்கவாட்டுப் பலகையைப் பிடிக்கக்கூட அவன் கை எட்டாது. ஒரு திருப்பத்தில் குலுங்கினால் விழுந்துவிடுவான் என்று அம்மா பயந்தார். “கூரை வந்தா அனுப்புவேன். இல்லாட்டி அவன் வீட்டுல இருக்கட்டும். எனக்குப் பிள்ள வேணும்” என்று அப்பாவிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார். புது வருஷத்துக்கு அதிக நாள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸ் கணக்கு பார்க்கும் கிராணி பெரட்டில் அந்த வார்த்தையைச் சொன்னார்.

விடிவதற்கு முன்னே எல்லாரும் ஆபீஸ் எதிரே கூடி, அன்றைய வேலையைக் கேட்டுக்கொண்டு கலைவதுதான் பெரட்டு. அங்கே சொல்லப்படுவது எதுவானாலும் அது வேலை. ஏன் என்று கேட்பது வழக்கமில்லை. செய்து முடித்துவிட்டு, முடிந்தது என்று சொல்வதுதான் வழக்கம். எங்கள் ஆட்கள் அதில் கெட்டிக்காரர்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே முடிப்பவர்கள். பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று என்று யாரோ கேட்டதற்குக் கிராணி, “புதுக் கட்டடம் வரணும்னா இடம் காலியா இருக்கணும்லா” என்றாராம்.

பெரியப்பா மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. பெற்றோர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அன்று சாயங்காலமே லயம் லயமாகப் போய், ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் என்ற கூட்டு வேலை, வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். புதுக் கட்டடம் என்ற சொல் அவர் வாயிலேயே வளர்ந்துகொண்டு போனது. இருட்டிய பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அதற்குக் கண்ணாடி ஜன்னலும் கக்கூசும் வந்திருந்தன.

அம்மா மட்டும் பெரியப்பாவிடம் கேட்டார். “கூரைதானே மாமா போச்சு? சுவரு கல்லாட்டம் நிக்குது. அத எதுக்கு இடிக்கணும்?”

“பழைய சட்டைக்கு மேலயா புதுச் சட்டைய மாட்டுவ?”

“நான் கேக்கறது அது இல்ல மாமா.”

“டேய் தம்பி,” என்று பெரியப்பா அப்பாவைப் பார்த்துத் திரும்பினார். “உன் வீட்டுல எஞ்சினியரு இருக்கறத சொல்லவே இல்லயே. நாற்காலி போடுடா, உக்காரட்டும்.”

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்.

பெரிய வாத்தியாரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் வீடு சிரம்பானில். சனி, ஞாயிறு தோட்டத்தில் இருக்கமாட்டார். திரும்பி வரும்போது அவருக்கு அது இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப்போல ஒரு நாள் என் சிறுவயதில் வேறு இல்லை. முதலில் சரஸ்வதி படத்தை வெளியே எடுத்து மேஜை மேல் வைத்துச் சூடம் காட்டினார்கள். பிறகு ஆண்கள் பலகைகளைக் கழற்றினார்கள். பெண்கள் கல்லடுப்பு மூட்டிக் கோழிக்குழம்பு வைத்தார்கள். பிள்ளைகளான எங்களுக்கு ஆணி நிமிர்த்தும் வேலை. வளைந்த ஆணியைக் கல்லில் வைத்துத் தட்டி நேராக்கி மைலோ டின்னில் போட வேண்டும். புதுக் கட்டடத்துக்கு ஆகும். மேனேஜர் தாமாகவே தோட்டத்து டிராக்டரை அனுப்பியிருந்தார், கூடவே ஆரஞ்சுத் தண்ணீர் பாட்டில்கள் ஒரு பெட்டி நிறைய. தீபாவளிக்குக்கூட இல்லாத தாராளம்.

“பாத்தீங்களா? மேனேஜருக்கே நம்ம புள்ளைங்க மேல அக்கறை வந்துருச்சு” என்றார் பெரியப்பா.

டிராக்டரில் சங்கிலி கட்டித் தூண்களை இழுத்தார்கள். ஒவ்வொரு தூண் சாயும்போதும் நாங்கள் கைதட்டினோம். செங்கல் சுவர் ஒரு பக்கம் மட்டும் அசையாமல் அடம் பிடித்தது. பெரியப்பா சட்டையைக் கழற்றிவிட்டுச் சம்மட்டியைத் தானே வாங்கி அடித்தார். மாலைக்குள் சிமெண்டுத் தரைகூட மிச்சமில்லை. கல்லெல்லாம் டிராக்டரில் ஏறிப் பாதையின் பள்ளங்களை மூடப் போனது. உளுத்த பலகைகள் கோழிக்கூண்டுகளுக்குப் போயின. கடைசியில் பெண்கள் ஈர்க்குமாற்றால் அந்த இடத்தைக் கோயில் வாசல்போலக் கூட்டினார்கள். அம்மாவும் கூட்டினார்.

அதே வாரத்தில் கல்வி இலாகாவிலிருந்து அதிகாரி ஒருவர் காரில் வந்தார். பெரிய வாத்தியாரும் கூடவே இறங்கினார். எங்களுக்கு மத்தியானம்தானே பள்ளி, அதனால் நாங்கள் எல்லாரும் அங்கேதான் நின்றோம். அதிகாரி கையில் அளவு நாடா வைத்திருந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, “ஸ்கோலா மானா?” என்றார். மலாயில் பள்ளி எங்கே என்று அர்த்தம்.

பெரியப்பா முன்னால் வந்து, கூட்டிப் பெருக்கிய வெறும் தரையைக் கையால் காட்டினார். “சுடா பெர்சே, துவான்.” சுத்தம் செய்தாகிவிட்டது, ஐயா. பெரட்டில் வேலை முடிந்ததைச் சொல்லும் அதே குரல். நாங்கள் சிரித்த முகத்தோடு அதிகாரியைப் பார்த்தோம். பாராட்டுவார் என்று காத்திருந்தோம்.

அவர் பாராட்டவில்லை. வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார். வாத்தியார் எங்கள் யாரையும் பார்க்காமல் நடந்து போய், வாசல்படி இருந்த இடத்தில் நின்றுகொண்டார்.

“யாரு இடிக்கச் சொன்னது?” என்று கடைசியில் கேட்டார்.

“கிராணிதான் பெரட்டுல சொன்னாரு சார். இடம் காலியா இருக்கணும்னு.”

கிராணி ஆபீஸ் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். “காலியா இருக்கணும்னு சொன்னேன். இடிங்கன்னா சொன்னேன், மண்டோரே?”

“பெரட்டுல சொன்னீங்களே கிராணி.”

“பெரட்டுல ஆயிரம் சொல்லுவேன்லா.”

அவர் தெரிந்துதான் சொன்னாரா, வாய்க்கு வந்ததைச் சொன்னாரா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுத விரும்பவில்லை.

வாத்தியார் மெதுவாகத்தான் விளக்கினார், வகுப்பில் கடினமான கணக்கைச் சொல்வதுபோல. “கூரை போடப் பணம் வந்துருச்சு. இன்னைக்கு அளவெடுக்கத்தான் வந்தாரு. அந்தப் பணம் நிக்கிற கட்டடத்த பழுது பாக்கறதுக்கு. கட்டடமே இல்லன்னா புதுசா கட்டணும். புதுசா கட்டணும்னா நிலம் பள்ளிக்கூடத்துப் பேர்ல இருக்கணும். இது கம்பெனி நிலம்.”

“கம்பெனி குடுக்கும் சார்,” என்றார் பெரியப்பா. “டிராக்டரே குடுத்தாங்களே.”

அதிகாரி நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு காரில் ஏறினார். பெரியப்பா கார் மறையும்வரை நின்றார். பிறகும் நின்றார். உழைத்துப் பழகிய அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர்போல முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா இன்றைக்கு அவரை விடமாட்டார் என்று நான் காத்திருந்தேன். தன் தம்பி மனைவியை எஞ்சினியர் என்று கேலி செய்ததற்கெல்லாம் சேர்த்துப் பதில் கிடைக்கப்போகிறது. அம்மாவோ காப்பி கலந்து அவர் முன்னால் வைத்தார். நான், “அம்மா அன்னைக்கே...” என்று தொடங்கியதும், “வாய மூடு” என்றார். பெரியப்பா காப்பியைத் தொடாமலே எழுந்து போனார்.

புது வருஷம் பிறந்தது. தம்பி முதல் வகுப்பில் சேரவில்லை. நான் லாரியில் போய்க்கொண்டிருந்தேன்.

பள்ளி தொடங்கிச் சில நாள் கழித்து, மத்தியானம் லாரி பழைய பள்ளிக்கூடத்து இடத்தைக் கடந்தபோது அங்கே ஆள் நடமாட்டத்தைப் பார்த்தேன். பெரியப்பா கயிறு பிடித்து நேராக்கிக்கொண்டிருந்தார். அப்பாவும் இன்னும் சிலரும் அவர் காட்டிய இடங்களில் முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்கால் போடுவதற்கு முன் கயிறு பிடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கோயில் மண்டபம் கட்டியபோது பார்த்திருக்கிறேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்று நடுவதற்கும் அப்படித்தான் கயிறு பிடிப்பார்கள் என்பது அப்போது தெரியாது. எங்கள் தோட்டத்தில் அதுவரை பால்மரம் மட்டும்தான்.

“பள்ளிக்கூடம் கட்டறாங்க” என்று கத்தினேன். லாரி முழுக்க ஆரவாரம். எல்லாரும் கையசைத்தோம். பெரியப்பா குனிந்தபடியே இருந்தார். லாரிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

இருட்டுகிற நேரத்தில் இறங்கியதும் வீட்டுக்கு ஓடினேன். அம்மா தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா, கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. பெரியப்பாதான் கயிறு பிடிக்கிறாரு, அப்பாவும் இருந்தாரு. தம்பி லாரியில போக வேணாம்மா.”

அம்மா உருட்டிய கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தம்பி வாயைத் திறந்தபடி காத்திருந்தான்.

“அப்படியா” என்றார். “போ, கைகால் கழுவிட்டு வா.”

குழாயடிக்குப் போகும் வழியெல்லாம் எனக்குக் கோபமாக வந்தது. இவ்வளவு நல்ல செய்தியை ஓடிவந்து சொல்லியும் அம்மா ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்கவில்லையே என்று.