நசுருதீன் வீட்டு ரயில்

கோயமுத்தூர் கரும்புக்கடைப் பகுதியில் நசுருதீன் வீடு எது என்று கேட்டால், சின்னப் பிள்ளைகள்கூட "ரயில் ஊடுங்களா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி காட்டும். வீடென்று பார்த்தால் ஒரு ஹால், ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, மேலே மொட்டை மாடி. அவ்வளவுதான். ஆனால் கோயமுத்தூருக்கு ஆஸ்பத்திரி என்றும் காலேஜ் அட்மிஷன் என்றும் கல்யாண ஜவுளி என்றும் வருகிற சொந்தபந்தம் அத்தனையும் அங்கேதான் படுத்து எழுந்து போகும்.

நசுருதீனுக்கு லேத் பட்டறை. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளை ஒரு சுற்று வராமல் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை கழியாது. அப்படிச் சுற்றும்போதுதான், பிரித்துப்போட்ட ரயில் பெட்டியின் படுக்கைகள் நீல மெத்தையும் சங்கிலியுமாக ஓர் ஓரத்தில் கிடப்பதைப் பார்த்தார். நேரே வீட்டுக்கு வந்து ஹால் சுவரை அளந்தார். அடுத்த வாரமே எதிரெதிர்ச் சுவர்களில் மும்மூன்று அடுக்காக பெர்த்துகள் ஏறிவிட்டன. பகலில் மடக்கிவிட்டால் சுவரோடு சுவர்.

அதோடு விட்டாரா? மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், நாலு தூணுக்கு நடுவே கொசுவலை கட்டி ஓர் இடம் பண்ணினார். பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று நேராக வந்து அடிக்கும் என்பதால் அதற்கு வால்பாறை என்று பெயர். கூட்டம் மிஞ்சிப்போனால் அறைக் கதவைக் கீலிலிருந்து கழற்றி இரண்டு பெயிண்ட் டப்பாக்கள் மேல் போட்டுவிடுவார். அது ஒரு கட்டில். கதவு இருந்த இடத்தில் மனைவி சாஜிதா பேகத்தின் சேலை தொங்கும். வெளியூர்க்காரர்கள் போன் செய்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே, "ஏனுங்க, ரயில்ல எடம் இருக்குதுங்களா, இல்லீனா வால்பாறையாச்சும் கெடைக்குமுங்களா?" என்பார்கள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பேச்சையே அந்த வீட்டில் எடுக்க முடியாது. மருந்துக்கென்று வந்தவர்கள் மாதக்கணக்கில் விருந்தாளியாகவே இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சோறு ஓட்டலில்கூடத் தின்றுகொள்ளலாம், தூக்கம் மட்டும் தெரிந்தவர் வீட்டில்தான் என்பது நசுருதீனின் கட்சி. தெரிந்தவர் யாராவது லாட்ஜில் தங்கினார் என்று காதில் விழுந்தால் இரண்டு நாளைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியாது. சென்னிமலைப் போர்வைகளைத் துவைத்துத் துவைத்தே கை ஓய்ந்த சாஜிதா பேகம், ரயிலில் டி.டி.ஆராவது இடமில்லை என்று சொல்லுவார், இவருக்கு அந்த வார்த்தையே வராது என்று திட்டுவாள். திட்டிக்கொண்டேதான் தலையணைக்கு உறை மாட்டுவாள்.

இப்படி இருக்கையில் மகள் நிலோஃபருக்கு உடுமலைப்பேட்டையில் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளையின் அப்பா சஹீர் தேங்காய் மண்டிக்காரர். வீடு பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும், ஆளுக்கொரு ஏசி அறை. பேச்சுவார்த்தையெல்லாம் வெளியிலேயே முடிந்துவிட்டதால், அவர்கள் இந்த வீட்டை இதுவரை பார்த்ததில்லை. நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாளே அவர்கள் குடும்பம் வந்துவிடுவது, மாப்பிள்ளை மட்டும் மறுநாள் காலையில் வருவது என்று ஏற்பாடு. நசுருதீன் பெர்த் சங்கிலிகளுக்கு எண்ணெய் விட ஆரம்பித்தார். ஆர்.எஸ்.புரம் கிளினிக் ஒன்றில் பிசியோதெரபி பார்க்கும் நிலோஃபர், வேலை முடிந்து வந்தவள், அதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தா, இந்த ஒருக்கா மட்டும் லாட்ஜுல ரூம் போட்டுருங்க. நான் போயி வாழ வேண்டிய ஊடுங்க அது. இதப் பாத்து அவங்க சிரிச்சுப்போட்டாங்கன்னா, காலத்துக்கும் நாந்தானுங்க கேட்டுக்கிட்டு இருக்கோணும்."

நசுருதீன் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். மகள் அவரிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. மறுநாள் போய் லாட்ஜில் நான்கு அறைகளுக்குச் சொல்லிவிட்டு வந்தார். பெர்த்துகளை மடக்கி, அவற்றின் மேல் பூப்போட்ட திரைச்சீலைகளைத் தொங்கவிட்டார். ஊரையே படுக்கவைத்த மனிதர் சம்பந்தியைப் படுக்கவைக்க முடியாமல் போனது அவருக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் உடுமலைக்காரர்கள் இரண்டு கார்களில் வந்திறங்கினார்கள். பிரியாணி குறைசொல்ல இடமில்லாமல் அமைந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா இஸ்மத் சாப்பிடும்போது அந்தத் திரைச்சீலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நிலோஃபர் எழுந்து போய் அவற்றை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் நசுருதீன் தொண்டையைச் செருமிக்கொண்டு, லாட்ஜில் ரூம் போட்டிருப்பதைச் சொன்னார். சஹீர் இஸ்மத்தைப் பார்த்தார். இஸ்மத் சஹீரைப் பார்த்தார்.

"உங்க சவுரியம் எப்படிங்களோ, அப்படியே ஆகட்டுமுங்க" என்றார் சஹீர்.

"எங்குளுது என்னங்க, உங்க சவுரியந்தானுங்க முக்கியம்" என்றார் நசுருதீன்.

கொங்குநாட்டில் இரண்டு மரியாதைக்காரர்கள் இப்படி எதிரெதிரே நின்றுவிட்டால், மனசில் இருப்பது வாய்க்கு வர வழியே கிடையாது. லாட்ஜை விரும்பாத சம்பந்தியை, லாட்ஜை விரும்பாத சம்பந்தி லாட்ஜுக்கு வழியனுப்பிவைத்தார். கார்கள் போனபிறகு நசுருதீன் பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்துகொண்டார். கேட்டது கிடைத்த நிலோஃபருக்கும், அத்தாவின் முகத்தைப் பார்த்தபின் சந்தோஷப்பட முடியவில்லை.

அந்தித் தொழுகைக்கான மஃரிபு பாங்கு சொல்லி முடிந்த நேரம், அதே இரண்டு கார்கள் வாசலில் வந்து நின்றன. கைப்பைகளும் பெட்டிகளுமாக எல்லாரும் இறங்கினார்கள். இஸ்மத் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏனுங்க சம்மந்தி, கேக்கறேன்னு தப்பா நெனைச்சுக்காதீங்க. போன வருசம் ஆஸ்பத்திரி வராண்டாவுல படுத்துக் கெடந்த ஒருத்தரக் கூட்டியாந்து, அவரு சம்சாரத்துக்கு ஒடம்பு தேறுற வரைக்கும் உங்க ரயில்ல வச்சிருந்தீங்களே, வெங்கடபதின்னு, அவரு எங்க மண்டிக் கணக்குப்பிள்ளைங்க. அந்த ஊட்டுல ஒரு பொண்ணு இருக்குது, கேளுங்கன்னு எங்களுக்குச் சொன்னதே அவருதானுங்க. நாங்க அந்த ரயிலக் கேள்விப்பட்டுத்தானுங்க பொண்ணு கேட்டோம். ஊரு சனம் பூராப் படுத்த எடத்துல எங்களுக்கு மட்டும் எடமில்லைன்னு அனுப்பிப்போட்டீங்களே."

நசுருதீனுக்கு வெங்கடபதியை நன்றாக ஞாபகம் இருந்தது. எந்த மண்டி என்றுதான் அவர் கேட்டதில்லை. தங்க வந்தவரிடம் அதையெல்லாம் கேட்பது அவருக்குப் பழக்கமில்லை.

நிலோஃபர்தான் எழுந்தாள். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. திரைச்சீலையை ஒதுக்கிப் பெர்த்தைச் சங்கிலியோடு இறக்கினாள். "மாமி, உங்களுக்கு முட்டி வலிக்குதில்லீங்களா, கீழ் பெர்த்துல படுத்துக்கங்க. காலைல நான் அதுக்குப் பயிற்சி சொல்லித் தாரேன்" என்றாள். இஸ்மத் அவள் கன்னத்தைத் தடவிவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

பிறகு வீடு கல்யாண வீடாகிவிட்டது. தடித்த உடம்புக்காரரான சஹீர் மேல் பெர்த்துதான் வேண்டும் என்று பிடிவாதமாக ஏறினார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள், சங்கிலி தாங்கியது. இளசுகள் வால்பாறைக்குப் போட்டி போட்டார்கள். அறைக் கதவும் கழன்று கட்டிலாயிற்று.

எல்லாருக்கும் இடம் சொல்லி முடித்தபோது ஒருவருக்கு மட்டும் இடமில்லை. நசுருதீன் சமையல்கட்டில் மூலை தேடிக்கொண்டிருந்தார். சாஜிதா பேகம் ஒரு போர்வையை அவர் கையில் திணித்து, நாலு ரூம் சும்மாத்தானே கிடக்கிறது, போய்ப் படுங்கள் என்று சொல்லிவிட்டாள். சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் வாசல்வரை வந்து, பத்திரமாகப் போய்விட்டு வரச் சொல்லிச் சிரித்தார்கள்.

லாட்ஜில் இருந்த ஆள் நான்கு சாவிகளையும் எடுத்து வைத்துவிட்டு, மற்றவர்களெல்லாம் எங்கே என்று கேட்டான்.

நசுருதீன் போர்வையைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"அவங்கெல்லாம் எங்க ஊட்டுல தங்கியிருக்கறாங்க தம்பி."