என் சட்டை மட்டும் ஏறிய படகு

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால், அடியில் வட்டமான ஒட்டுத்தாள் ஒன்று ஒட்டிக் கிடக்கிறது. நீல நிறம், நடுவில் பதினேழு என்று இலக்கம். இத்தாலியின் பலெர்மோத் துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல் வருகிற நாட்களில் வுச்சீரியாச் சந்தைத் தெருக்கள் முழுக்க இப்படி நெஞ்சில் இலக்கம் ஒட்டிய மனிதர்கள்தான் திரிவார்கள். யாரோ ஒருவரிடமிருந்து கழன்று என்னோடு வீடுவரை வந்துவிட்டது. மனைவி குப்பையில் போடச் சொன்னாள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டேன். இதே மாதிரி ஒரு வட்டத்தாள் ஒருகாலத்தில் என் பெயரில் படகேறிப் போனது, நான் போகவில்லை. அதைச் சொல்வதென்றால் சினியோரா நுன்சியாவிலிருந்து தொடங்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. மன்னாரிலிருந்து வந்து, போர்கோ வெக்கியோவில் ஓர் அறையில் மூன்று பேரோடு இருந்தேன். வேலை, பொலித்தேயாமாப் பக்கம் நாலாம் மாடியில், சினியோரா நுன்சியா வீட்டில். எழுபத்தெட்டு வயது விதவை. சமைப்பது, துடைப்பது, நேரத்துக்கு இருதயக் குளிசை கொடுப்பது, அவர் திட்டும்போது நிற்பது, இவ்வளவும் என் பொறுப்பு. கடைசியாகச் சொன்னதற்குத்தான் அதிக நேரம் போகும்.

அவருடைய கணவர் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து இறந்தவர். சினியோராவின் பலகணியில் நின்றால் துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும். அங்கே கட்டியிருக்கும் கப்பல்களின் பின்புறத்தில் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். இரண்டில் ஒரு கப்பலில் ஊர் பனாமா. வரி குறைவென்று உலகத்துக் கப்பல்காரர்களெல்லாம் அங்கே பதிந்துகொள்கிறார்கள் என்பது எனக்கே பிறகுதான் தெரியும். சினியோராவுக்கு அதை யாரும் சொல்லவில்லை, அல்லது சொல்லியும் அவர் கேட்கவில்லை. நாற்பது வருடமாக அந்தப் பெயரைப் பார்த்துப் பார்த்து, இவ்வளவு கப்பல் வைத்திருக்கிற ஊர் எப்படி இருக்கும் என்று ஓர் ஆசை அவருக்குள் வளர்ந்துவிட்டது. தங்கையும் அவரும் சேர்ந்து, ஜெனோவாவிலிருந்து பனாமாக் கால்வாய் வரை போய்த் திரும்பும் கப்பலில் இடம் எடுத்தார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு முதல்நாள் தங்கை படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். சினியோரா ஆஸ்பத்திரிக்குப் போய், தங்கையின் கட்டிலடியில் நின்று அழுதுவிட்டு, வெளியே வந்து என்னிடம் உனக்குக் கடற்பயணம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார்.

அவருடைய மகனுக்கு இது துண்டாகப் பிடிக்கவில்லை. மகன் வழக்கறிஞர். இத்தாலியனில் அவ்வொக்காத்தோ. எங்கள் அப்புக்காத்துவுக்கும் அதற்கும் இருக்கிற நெருக்கத்தால், நான் இந்த நாட்டில் பாடுபடாமல் படித்த ஒரே சொல் அதுதான். நான் வழியில் இறங்கி ஓடிவிடுவேன் என்பது அவர் கட்சி. ஓட மாட்டேன் என்று எழுதிய கடதாசியில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு அவரே பெர்மெஸ்ஸோ என்கிற என் வதிவிட அனுமதியையும் கடவுச்சீட்டையும் தூக்கிக்கொண்டு விசாவுக்கு அலைந்தார். தாயிடம் தோற்ற மகன்கள் செய்வது அதுதானே.

அப்புக்காத்து நினைத்ததையே என் அறைக்காரர்களும் நினைத்தார்கள். ஒரே வித்தியாசம், அவர் பயந்தார், இவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அந்த நாளில் பலெர்மோவில் இருந்த எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு இது ஊர் இல்லை, கனடாவுக்குப் போகிற வழியில் ஒரு தரிப்பிடம். அறையில் மூத்தவரான மரியதாஸ் அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டு, ரொறன்ரோவில் இருக்கிற தன் மருமகனின் தொலைபேசி இலக்கத்தைத் தந்தார்.

"அண்ணை, நான் போறது பனாமாவுக்கு. கனடா வேறை."

"எனக்குத் தெரியாதே? ரெண்டும் அமெரிக்காக் கரையிலைதானே கிடக்கு. ஒரு பஸ் இருக்காமலே விடும்?"

ஞாயிறு பூசைக்குப் போனால், கோயில் வாசலில் இன்னும் மூன்று பேர் ரொறன்ரோவுக்குச் சாமான் தந்தார்கள். அதில் ஒன்று ஒரு கிலோ மிளகாய்த்தூள்.

சினியோரா தன் பங்குக்குச் சியாகுல்லி மந்தரின் ஒரு பெட்டி ஏற்றினார். மாசியில் பழுக்கிற, தோல் மெல்லிய, தேன் மாதிரியான பழம். கப்பலில் என்ன தருவார்களோ என்று பயம். கப்பலிலோ காலையிலிருந்து இரவுவரை சாப்பாடுதான். என்றாலும் தினமும் மேசையில் இரண்டு மந்தரினை வைத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உரித்துச் சாப்பிடுவார். எனக்குக் கப்பலில் வேறு கரைச்சல். நிறத்தைப் பார்த்து, கண்டவர் எல்லாம் என்னைப் பணியாளாக நினைத்துக் கோப்பி கேட்டார்கள். முதல் இரண்டு நாளும் விளங்கப்படுத்தினேன். மூன்றாம் நாளிலிருந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டேன். அது சுலபமாக இருந்தது.

கால்வாய்க்குள் நுழைந்த காலை எனக்கு மறக்காது. கடலிலிருந்து கப்பலை மூன்று தொட்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி, மேலே இருக்கிற ஏரியில் விடுகிறார்கள். தொட்டிக் கதவைச் சாத்தித் தண்ணீரை நிரப்ப, எட்டுமாடிக் கப்பல் சத்தமில்லாமல் உயர்கிறது. கரையில் தண்டவாளத்தில் ஓடும் இயந்திரங்கள் கம்பி போட்டு இழுக்கின்றன. ஆனால் முதலில் அந்தக் கம்பிக்கான கயிற்றைக் கப்பலுக்குக் கொண்டுவந்தவர்கள், ஒரு சின்னத் துடுப்புப் படகில் வந்த இரண்டு பேர். இவ்வளவு பெரிய வித்தைக்கு நடுவில் துடுப்பு வலிக்கிற இரண்டு மனிதர்களைக் கண்டதும், வள்ளத்தோடு வளர்ந்த எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. யாரோ சொந்தக்காரரைக் கண்டதுபோல் கைகாட்டினேன். சினியோரா கப்பலின் மறுபக்கத்தில் நின்றார். அவர் முகத்துக்கு நேரே, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில், கறுத்த சீமெந்துச் சுவர் அரைமணி நேரமாக நின்றது. சீமெந்து பார்க்க வேண்டுமென்றால் பலெர்மோவிலேயே இருந்திருப்பேனே என்றார்.

ஏரியில் கப்பல் நங்கூரம் போட்டது. கரைக்குப் போய்க் காடு பார்க்கிறவர்களைச் சின்னப் படகுகளில் ஏற்றினார்கள். பின்நேரம் மூன்றரைக்குக் கப்பல் திரும்பக் கீழே இறங்க வேண்டும், கால்வாய் ஒருவருக்காகவும் காத்திராது என்று எங்கள் வழிகாட்டிப் பொடியன் இரண்டுதரம் சொன்னான். ஒவ்வொருவர் நெஞ்சிலும் வட்டத்தாள் ஒட்டினான். எங்கள் படகில் இருபத்துநாலு பேர். நான் இருபத்துநாலாவது.

அந்த ஏரி, ஒரு காட்டை வெள்ளத்தில் மூழ்கடித்து உண்டாக்கியது. செத்த மரங்களின் கட்டைகள் இன்னும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றன. ஒரு சிறு தீவோரம் வெள்ளை முகக் குரங்குகள் இறங்கி வந்தன. சினியோரா கடைசியாக மிஞ்சிய மந்தரினை எறிந்தார். குரங்கு பிடித்து, முகர்ந்து பார்த்து, தண்ணீரில் போட்டுவிட்டது. படிப்பறிவில்லாத குரங்கு என்றார் சினியோரா. அன்று முழுவதும் அந்த அவமானம் அவருக்குத் தீரவில்லை. பிறகு இறங்குதுறையில் இறங்கி, காட்டுப்பாதையில் கொஞ்சத்தூரம் நடந்தோம். ஒரு கிளையில், இத்தாலியனில் பிராடிப்போ, ஆங்கிலத்தில் ஸ்லோத் என்கிற பிராணி தலைகீழாகத் தொங்கியது. அது அடுத்த கிளைக்குப் போக அரைநாள் எடுக்கும் என்றான் வழிகாட்டி. எல்லோரும் படம் எடுக்க, சினியோரா மட்டும் கூர்ந்து பார்த்துவிட்டு, மகன் காலையில் கட்டிலை விட்டு எழும்புவது இப்படித்தான் என்று என் காதில் சொன்னார்.

திரும்பும் நேரம் படகு கிளம்ப மறுத்தது. தண்ணீருக்கடியில் சுழலும் விசிறியில் ஏரிப்பாசி சுற்றிவிட்டது. இறங்குதுறையில் கயிறு பிடிக்கிற எவுசேபியோ என்ற கிழவர் குனிந்து குனிந்து பார்த்தார், கை எட்டவில்லை. எனக்குப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் போனது. சட்டையைக் கழற்றிச் சினியோராவின் மடியில் வைத்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கிழவரின் கத்தியால் பாசியை வெட்டி எடுத்தேன். படகில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் சேற்றைக் கழுவக் கொட்டிலுக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனேன். இந்த இடைவெளியில் பொடியன் ஆட்களை எண்ணியிருக்கிறான். ஆட்களை எண்ணியிருந்தால் பரவாயில்லை, வட்டத்தாள்களை எண்ணியிருக்கிறான். சினியோராவின் மடியில் என் சட்டை, அதில் என் இலக்கம். இருபத்துநாலும் சரி. சினியோராவோ, சாப்பிட்ட களைப்பில் கன்னத்தில் கைவைத்து நித்திரை.

நான் திரும்பி வந்தபோது படகு நெருப்புப்பெட்டி அளவில் தெரிந்தது. கையை ஆட்டிக் கத்தினேன். எவுசேபியோவும் எழுந்து நின்று என்னோடு சேர்ந்து கையை ஆட்டினார், நாங்கள் இருவரும் வழியனுப்புகிறோம் என்ற எண்ணத்தில். அவரும் என்னைக் கரையில் நிற்கிற வேலையாள் என்றே நினைத்திருந்தார். என்னுடைய சிசிலி இத்தாலியனையும் அவருடைய ஸ்பானியத்தையும் கலந்து விஷயத்தை விளங்கப்படுத்தியபோது, மனிதர் நிலத்தில் இருந்து சிரித்தார். பிறகு வாழைக்காய்ப் பொரியல் தந்தார். கடைசியில், காட்டுப்பாதையின் மறுபக்கம் தெரு இருக்கிறது, அங்கே நகரத்துக்குப் பஸ் வரும் என்று கைகாட்டினார்.

பஸ். மரியதாஸ் அண்ணை சொன்ன அதே பஸ். இவ்வளவு நாளும் நான் சிரித்த பஸ்.

உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது, ஓர் ஐந்து நிமிடம் யோசித்தேன். கடவுச்சீட்டு கப்பலில், மேலில் சட்டை இல்லை, காலில் சேறு. என்றாலும் இப்படியொரு கதவு தானாகத் திறப்பது எத்தனை பேருக்கு நடக்கும்? ரொறன்ரோ இலக்கம் இருக்கிறதா என்று காற்சட்டைப் பையில் கைவிட்டேன். கையில் வந்தது சினியோராவின் குளிசைப் பெட்டி. மூன்று மணிக் குளிசை அதற்குள் இருந்தது. மணி இரண்டரை தாண்டிவிட்டது. என் மனச்சாட்சி பெரிய சாமான் என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பெட்டி இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேனோ, இன்றைக்கும் தெரியாது. எவுசேபியோவின் மரவள்ளத்தைக் காட்டி, போவோம் என்றேன். வள்ளத்தின் இயந்திரம் எழும்பவில்லை. ஆளுக்கொரு துடுப்பை எடுத்தோம்.

கப்பலடியில் நடந்ததைப் பிறகு வழிகாட்டிப் பொடியன் சொன்னான். சினியோரா கண்விழித்து, மடியில் சட்டையைப் பார்த்து, என்னைத் தேடியிருக்கிறார். அதிகாரி ஒருவர் வந்து, இந்த ஆட்கள் இப்படித்தான் சினியோரா, தருணம் பார்த்து ஓடிவிடுவார்கள், பொலிசுக்கு அறிவிப்போம் என்றிருக்கிறார். சினியோரா ஏணியில் ஏற மறுத்துப் படகிலேயே இருந்துகொண்டாராம். சட்டையைத் தூக்கிக் காட்டிச் சொன்னாராம்:

"ஒருத்தனும் சட்டை இல்லாமல் அமெரிக்காவுக்கு ஓடமாட்டான். படகைத் திருப்பு. என்ரை மருந்து அவனிட்டை. நான் இஞ்சை செத்தால், என்ரை மகன் அவ்வொக்காத்தோ."

படகு திரும்பியது. ஏரியின் நடுவில், செத்த மரக்கட்டைகளுக்கிடையில், நாங்கள் இருவரும் துடுப்பு வலித்து வருவதைக் கண்டார்கள். நான் படகில் தாவி ஏறியதும் சினியோரா முதலில் நீட்டியது சட்டையை. போடு, காற்று அடிக்கிறது, சளி பிடிக்கும் என்றார். எங்கும் முப்பது பாகை வெயில். போட்டேன். குளிசை பதினைந்து நிமிடம் பிந்திவிட்டதென்று கப்பல் மேல்தட்டு வரை திட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை, திறந்த கடலில், மேல்தட்டில் இருவரும் இருந்தோம். சினியோரா என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"நினைச்சனியோ?"

"ஓம். அஞ்சு நிமிஷம்."

தலையை ஆட்டினார். "நான் பத்து நிமிஷம் நினைச்சனான், நீ போயிட்டாய் எண்டு. வாய்தான் மாறிக் கதைச்சது."

அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

ஜெனோவாவில் கப்பல் மாறிப் பலெர்மோவில் இறங்கியபோது துறைமுகத்தில் அப்புக்காத்து நின்றார். தாயைக் கட்டிப்பிடித்துவிட்டு, முதல்முறையாக எனக்குக் கைதந்தார். அறையில் அந்த மரியாதை கிடைக்கவில்லை. ஒரு கிலோ மிளகாய்த்தூளும் மேசையில் திரும்பி வந்து நிற்க, மரியதாஸ் அண்ணை ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. எட்டாம் நாள், "பஸ் இருந்ததோ?" என்று மட்டும் கேட்டார். இருந்தது என்றேன். அவர் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் பனாமா. பூசையில், சந்தையில், குழந்தைகள்கூட, பனாமா மாமா.

சினியோரா அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். அந்த நாலாம் மாடி இப்போது உல்லாசப் பயணிகளுக்கு அறை கொடுக்கிற இடம். வாசலில் மணி இல்லை, இலக்கம் அழுத்தித்தான் திறக்க வேண்டும். அறையில் இருந்த மற்ற மூன்று பேரில் இருவர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். மரியதாஸ் அண்ணைக்குக் கடைசியில் உண்மையாகவே ரொறன்ரோ கிடைத்தது. போன மாரியில் அங்கேயே அடக்கம் செய்தார்கள். கோயிலில் இப்போது முன்வரிசையில் இருக்கிற இளம் ஆட்களுக்கு நான் இன்னாரின் அப்பா, அவ்வளவுதான். மகளிடம் ஒருமுறை இந்தக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்பா, நீங்கள் ஏன் கப்பலுக்கு ஒரு போன் அடிக்கேல்லை?" என்று கேட்டாள்.

என்னைப் பனாமா என்று கூப்பிட இந்த ஊரில் இப்போது ஒருவரும் இல்லை. சிலவேளை சந்தைத் தெருவில் அப்படி யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல் இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். யாராவது பழம் விற்றுக்கொண்டு நிற்பார்கள்.