கிழட்டு நட்சத்திரத்தின் முன்பாதி

நஸ்ருதீனுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. 1966-ல் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் ரயிலேறிச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரிக்குப் போய் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவன், பெட்டி காலியாகக் கிடந்தாலும் கதவோரம் நின்றுகொண்டேதான் போவான். எல்லாம் ஒரு கிழட்டு நட்சத்திரம் படுத்திய பாடு.

சிவந்து உப்பிப்போன அந்த நட்சத்திரம் தன்னைச் சுற்றி வாயுவைத் தள்ளிக்கொண்டே இருந்தது. வாயுவின் மூலக்கூறுகள் விடும் ஒளிக்கோட்டை வெளிநாட்டுக்காரர்கள் அளந்து பத்திரிகையில் போட்டிருந்தார்கள். வரைந்து பார்த்தால் கோட்டின் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். வாயுவின் சூடு இவ்வளவு, வேகம் இவ்வளவு என்று வைத்துக் கணக்குப் போட்டு, அதே கோட்டை வரவழைப்பதுதான் நஸ்ருதீனின் வேலை. கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷினில் மாதக்கணக்கில் சுற்றினான். வேகத்தை மாற்றினான், சூட்டை மாற்றினான். வந்ததெல்லாம் இரண்டு பக்கமும் ஒரே மேடு. எரிச்சலில் சோறு இறங்கவில்லை.

வீட்டில் வேறு அவசரம். அக்கா மலிகாவின் புருஷன் லியாக்கத் அலி, யார் யார் காலையோ பிடித்து அவனுக்குச் சிங்கப்பூரில் ஒரு கடையில் வேலை பேசி வைத்திருந்தார். “கப்பல் கெளம்பறதுக்குள்ள என் கோடு சேரலன்னா போயிடறேன் மச்சான்” என்று நஸ்ருதீன் வாக்குக் கொடுத்திருந்தான்.

கப்பலுக்கு ஒரு வாரம் இருக்கையில், மழை விட்ட சாயங்காலம், மச்சானின் ஜவுளிக்கடையில் நின்றிருந்தான். பெட்ரோமாக்ஸை ஈசல் மொய்த்தது. விளக்குக்கு முன்னால் பறந்தவை கறுப்பாக வெளிச்சத்தை மறித்தன. நேர் பின்னால் போனவை கண்ணிலேயே படவில்லை. அவனுக்குத் தன் கணக்கு ஞாபகம் வந்தது. கைப்பிடி சுற்றுகிறவர்கள் எல்லாரும் செய்வதுபோல, பாடு குறையட்டும் என்று பாதி வாயுவுக்கு மட்டும் கணக்குப் போட்டு இரண்டால் பெருக்கியிருந்தான். ஆனால் நம்மை நோக்கி வருகிற முன்பாதி, நட்சத்திரத்தின் ஒளியை விழுங்குமே! பின்பாதியில் ஒரு பங்கை நட்சத்திரமே மறைக்குமே! தலையில் அடித்துக்கொண்டான்.

மறுநாளே முன்பாதியைத் தனியாகப் போட ஆரம்பித்தான். கப்பல் நாளுக்குள் கோட்டில் ஒரே ஒரு புள்ளிதான் முடிந்தது. பள்ளம் விழ வேண்டிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. முழுக் கோட்டுக்கும் இன்னும் பல மாதம் பிடிக்கும்.

பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு லியாக்கத் அலி கேட்டார்: “இன்னா நஸ்ரு, சேந்துச்சா?”

சேர்ந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. கணக்கில் பொய் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

“சேரல மச்சான்.”

“அப்ப கெளம்பு.”

“நான் போவல.”

“வாக்குக் குடுத்தியேடா! அவுங்க மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?” என்றார் லியாக்கத் அலி.

நஸ்ருதீன் வெட்கத்தில் குறுகிப்போனான். ஆனாலும் சிதம்பரத்துக்குத்தான் ரயிலேறினான்.

அடுத்த வருஷம் கோடு சேர்ந்தது, மேடும் பள்ளமும் பிசகாமல். சொல்வதற்கு முதலில் ஓடியது மச்சானின் கடைக்குத்தான். “மச்சான், சேந்துடுச்சு!” என்றான், மூச்சு வாங்க.

லியாக்கத் அலி நிமிர்ந்து பார்க்கவில்லை. எதிரில் நின்ற அம்மாளுக்கு ரவிக்கைத் துணி அளந்துகொண்டே இருந்தார்.