அவர் கேட்ட தோர்த்தா

மூன்று வருடங்களுக்கு முன், மண்டரின் பழப் பருவம் முடிகிற நேரம், இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில், ஒரு மாடி வீட்டில் வயதானவர் ஒருவரைப் பராமரிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அதுவரை சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அதற்கும் முன் துருக்கி, கிரேக்கம் என்று லொறியிலும் கால்நடையாகவும் வந்தது வேறு கதை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஓரிடத்தில் அதிக நாள் இருக்க என்னால் முடிவதில்லை. ஆனால் கையில் எடுத்த வேலையை அரைகுறையாக விட்டதும் இல்லை.

அந்த மனிதர் மெக்சிகோவில் பிறந்தவர். கப்பலில் வேலை செய்து, ஒருநாள் இந்தத் துறைமுகத்தில் இறங்கி, இங்கே ஒரு விதவையைக் கலியாணம் கட்டி, நாற்பது வருடமாக இங்கேயே இருந்துவிட்டார். மனைவி இறந்துபோக, மனைவியின் முதல் கலியாணத்து மகள்தான் அவரைக் கவனித்துவந்தார். எனக்கு வேலை தந்ததும் அவர்தான்; சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். பெரியவருக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. கூடவே சலரோகம், அதாவது சீனி வருத்தம்.

முதல் நாளே சிஞ்ஞோரா எனக்குக் கண்டிப்பாகச் சொன்னார். இவர் எந்த நேரமும் தோர்த்தா கேட்பார், கொடுக்கவே கூடாது. இத்தாலிய மொழியில் தோர்த்தா என்றால் கேக். சலரோகக்காரருக்குக் கேக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும்.

அவர் கேட்டார். காலையில் கேட்டார், மத்தியானம் கேட்டார். நான் பொலிஸ்காரன் மாதிரி விரலை ஆட்டி, "இல்லை, சீனி" என்பேன். பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் அவருக்கென்று கேக் துண்டு கொண்டுவந்தபோது வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினேன். சில வேளை தோர்த்தாவுக்குப் பின்னால் இன்னொரு சொல்லும் சொல்வார்: "அஓகாதா." அதைக் கேட்டால் சிஞ்ஞோராவின் கண் கலங்கிவிடும். இத்தாலிய மொழியில் தண்ணீரில் மூழ்கியவளை "அஃபொகாத்தா" என்பார்கள். கப்பலில் இருந்த காலத்தில் யாரோ ஒரு பெண் கடலில் மூழ்கியதை நினைத்துப் புலம்புகிறார் என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம்.

பிறகு அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். சூப்பைத் தள்ளினார். பாஸ்தாவைக் கண்டால் முகத்தைத் திருப்பினார். நான் கஞ்சி வைத்தேன், மீன் சொதி வைத்தேன், பருப்பு மசித்தேன். வாய் திறக்கவில்லை. நான் வேலைக்கு வந்த இருபதாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, டொக்டர் வந்தார். விழுங்குவதில் குறையில்லை, விருப்பம்தான் இல்லை என்றார். திங்கள் காலை திரும்பி வருவதாகவும், அதற்குள் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கால் குழாய் விட வேண்டும் என்றும் சொன்னார். அந்த உடம்பு அதைத் தாங்காது என்று எனக்குத் தெரிந்தது. குழாய்க்கு இவரை விடுவதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு மூன்று மணி நேரம் ஓய்வு. அதே நகரில் அல்பெர்கேரியாவில் இருந்த என் அறைக்குப் போனேன். கனடாவில் இருக்கும் சிநேகிதன் போனில் கூப்பிட்டான். அவன் கனடா போகிற வழியில் மெக்சிகோவில் பிடிபட்டு, சில மாதம் முகாமில் இருந்தவன். பெரியவர் கேட்டது கிடைக்காமல் பட்டினி கிடப்பதை அவனிடம் சொன்னேன்.

"கிழவன் அப்பிடி என்னதான் கேக்கிறார்?" என்றான்.

"தோர்த்தாவாம். சீனி வருத்தக்காரனுக்கு ஆரும் கேக் குடுப்பாங்களே?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அட விசரா! அவங்கடை ஊரிலை தோர்த்தா எண்டா பாணடா! பாணை வெட்டி, உள்ளுக்கை இறைச்சி வைச்சு, றோட்டு றோட்டா விக்கிறவங்கள். முகாமாலை வெளியிலை விட்ட அண்டைக்கு நான் முதல் திண்டதே அதுதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவருடைய நாக்கு குழறவில்லை. இத்தாலிய மொழி கழன்று விழுந்து, தாய்மொழியான ஸ்பானிஷ் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் ஒலிப்பதால் எங்களில் ஒருவருக்கும் அது பிடிபடவில்லை. இருபது நாளாக ஒரு மனிதர் பாண் கேட்டிருக்கிறார். நான் விரலை ஆட்டியிருக்கிறேன்.

ஓய்வு முடியும்வரை இருக்கவில்லை. வழியில் பேக்கரியில் எள்ளுப் போட்ட பாண் வாங்கிக்கொண்டு ஓடினேன். மசித்த அவரை விதையும் இறைச்சித் துண்டும் அவகாடோவும் வைத்துக் கொடுத்தேன். "தோர்த்தா" என்றேன். கண்ணை அகலத் திறந்து பார்த்தார். இடது கை விரலால் எள்ளை ஒவ்வொன்றாகச் சுரண்டினார். ஒரு கடி கடித்தார். கீழே வைத்துவிட்டார். "அஓகாதா" என்றார்.

குசினிக்குள் போய்த் திரும்பவும் சிநேகிதனுக்கு அடித்தேன்.

"ஊருக்கு ஊர் வேறையடா. எள்ளுப் பாண் ஒரு ஊர். அவிச்ச சோளமாவைப் பாணுக்குள்ளை வைச்சு, விடிய வேலைக்குப் போற சனம் தின்னும், அது இன்னொரு ஊர். வேறை ஒரு இடத்திலை பாணை அப்பிடியே தக்காளி, மிளகாய்க் குழம்புக்குள்ளை தாட்டுத் தருவாங்கள்."

"அதுக்கு என்ன பேர்?"

"அஓகாதா எண்டுவாங்கள். தண்ணியிலை தாண்டது எண்டு அர்த்தம்."

கடலில் ஒருத்தியும் மூழ்கவில்லை. மூழ்கியது பாண்.

பாண் கல்லு மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழம்பில் கரைந்துவிடும் என்றும் சொன்னான். பெரியவருக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டு அம்மாவைக் கெஞ்சிக் கேட்டுவிட்டு வெளியே இறங்கினேன். நேற்றைய பாண், எள்ளில்லாமல், நன்றாகக் காய்ந்தது வேண்டும் என்று கேட்டதற்குப் பேக்கரிக்காரர், "என்ன, கோழி வளக்கிறியோ?" என்றார். பன்றி இறைச்சியை மெதுவாக அவித்துப் பிய்த்தேன். தக்காளி, வினாகிரி, சின்னச்சீரகம், செத்தல் மிளகாய் சேர்த்துக் குழம்பு வைத்தேன். கறித்தூள் டப்பாவைக் கையில் எடுத்து, இது என் சாப்பாடு இல்லை என்று திரும்பவும் வைத்தேன். மிளகாய் மூன்றுதான் போட்டேன். வருத்தக்காரர் அல்லவா?

திங்கள் காலை சிஞ்ஞோரா டொக்டருக்கு முன்னமே வந்துவிட்டார். சிவப்புக் குழம்பில் பாதி மூழ்கிக் கிடந்த பாணைப் பார்த்ததும் கத்தினார்.

"இவரைக் கொல்லப் போறியா?"

"சிஞ்ஞோரா, இவ்வளவு நாளும் இவர் கேட்ட தோர்த்தா இதுதான். கேக் இல்லை."

அவர் நின்ற இடத்திலேயே கதிரையை இழுத்து இருந்துவிட்டார். பெரியவர் கோப்பைக்கு மேல் குனிந்து மணந்து பார்த்தார். நான் கரண்டியை நீட்ட, என் கையைத் தட்டிவிட்டார். இடது கையால் பாணைத் தூக்கிக் கடித்தார். குழம்பு முழங்கைவரை வழிந்தது. பாதி முடிந்தபின்தான் தலையை நிமிர்த்தினார். என்னை நேராகப் பார்த்து, "சிலே" என்றார். பிறகு விரல்களைக் குவித்து, மேலே தூவுகிற மாதிரிக் காட்டினார்.

மிளகாய் காணாதாம். உறைப்புத் தின்று வளர்ந்த யாழ்ப்பாணத்தானைப் பார்த்து! சிஞ்ஞோரா அழுதுகொண்டே சிரித்தார். நான் இன்னும் இரண்டு மிளகாயை வறுத்து நொறுக்கிப் போட்டேன்.

டொக்டர் வந்தபோது பெரியவரின் சட்டை முழுவதும் சிவப்பாக இருந்தது. குழாய்ப் பேச்சு அன்றோடு போய்விட்டது. தெரிந்த இத்தாலியச் சொற்களை எல்லாம் கூட்டி நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. வெறும் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

இன்றைக்கும் யாராவது என்னிடம், நீ எடுத்த காரியத்தில் உறுதியாக நிற்கிறவன் என்று சொன்னால் எனக்குப் பெருமை வருவதில்லை. தோர்த்தா இல்லை என்று விரலை ஆட்டிய அந்த இருபது நாளும் நான் உறுதியாகத்தான் நின்றேன்.