உங்கள் தங்கை வரவில்லையா?

பேய், சகுனம் ஒன்றையும் நான் நம்புகிறவள் அல்ல. மெல்பனில், மல்கிரேவில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பில் வேலை. நேரத்துக்கு வராததற்கு நாள் முழுக்க ஆட்கள் சொல்லும் சாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எதையும் சந்தேகிக்கும் புத்தி வந்துவிட்டது. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் நானும் என் கணவர் ஜூட்டும் ஒரு சின்னக் கிரேக்கத் தீவுக்குப் போயிருந்தோம். காலைக் கப்பலில் வந்து இறங்கியதும் என் மனிதர் போனைப் பார்த்துக் குறுக்குவழி என்று ஆடு போகிற பாதையில் என்னை இழுத்துக்கொண்டு போக, உச்சி வெயிலில் மலைக்கிராமத்தை அடைந்தபோது அவரைத் தள்ளிவிட்டால் என்ன என்றிருந்தது. அங்கே ஒரே ஒரு சாப்பாட்டுக்கடை. கடைக்காரி மெல்பனில் இருபது வருடம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவள். என்னைக் கண்டதும் ஆங்கிலத்தில் கேட்டாள்: "இன்றைக்கு உங்கள் தங்கை வரவில்லையா?"

இப்போதுதான் தீவுக்கே வந்தோம் என்றேன்.

"நேற்று இதே மேசையில் இரண்டு பேரும் சண்டை பிடித்தீர்கள், பிறகு அழுதீர்கள்."

கப்பல் டிக்கெட்டை நீட்டினேன், அவள் பார்க்கவேயில்லை. பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த கிழவரும் தலையாட்டுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜூட்டோ சிரிக்கிறார்.

"உம்மைப்போல ஆரோ வந்திருக்கும், விடுமப்பா. இறைச்சி ஆறுது."

ஆட்டிறைச்சி, கொண்டைக்கடலை, ஒலிவ் எண்ணெயில் மிதக்கிற கத்தரிக்காய். ருசியோ ருசி, கோபத்தைக்கூட ஒழுங்காகக் காட்ட முடியவில்லை. ஆனால் என் தட்டில் மட்டும் வெங்காயம் இல்லை.

"உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதென்று தங்கைதானே சொன்னாள்" என்றாள் கடைக்காரி.

உண்மை. பச்சை வெங்காயம் தின்றால் எனக்கு மூச்சு இழுக்கும். எனக்கு ஒரே தங்கை, வேறு மாநிலத்தில் ஹோம்புஷில் இருக்கிறாள். அப்பாவின் செத்தவீட்டில் வந்த வாய்த்தகராறுக்குப் பிறகு மூன்று வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை.

மெல்பன் திரும்பியும் மனம் அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அவளுக்கு நானே போன் எடுத்தேன். "அக்கா" என்றவள் அழத் தொடங்க, நானும் அழுதேன். தீவுக்குப் போய்வந்ததைச் சொன்னேனே தவிர, அந்தக் கடையைப் பற்றி மூச்சே விடவில்லை. எனக்கு விசர் பிடித்துவிட்டதென்று நினைப்பாள். ஜூட்டின் வாயையும் அடைத்துவைத்தேன்.

இப்போது வாராவாரம் பேசுகிறோம். இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள், தீவில் சாப்பாடு எப்படியென்று கேட்டாள். நல்ல சாப்பாடு என்றேன்.

"ஓம், ஆனா அந்த மனுசி பூனையை மேசையில ஏறவிட்டது எனக்குத் துப்பரவாப் பிடிக்கேல்ல."

"எந்த மனுசி?"

"தெரியேல்ல அக்கா. நான் இப்ப என்ன சொன்னனான்?"

ஒரு காதில்லாத மஞ்சள் பூனை அது. அன்று அந்தக் கடையில் நாங்கள் சாப்பிட்டு முடியும்வரை என் தட்டுக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தது.